கொல்லைக் குட்டையில் மூன்று விதமான முட்டை

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியை ஒட்டி எட்டடிக்கு ஐந்தடியில் ஒரு சின்னக் குட்டை கட்டியிருக்கிறேன். சிமெண்ட் பூசிய கரை, இரண்டு அல்லி, கொஞ்சம் கப்பி மீன். இந்த ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரே வாரத்தில் அதைச் சுற்றி மூன்று விதமான முட்டைகள்.

முதலில் கண்ணில் பட்டது நுரை. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சுவரில், துணி துவைத்த சோப்பு நுரையை அள்ளி அப்பியதுபோல இருந்தது. போன வருஷமும் இப்படி ஒன்று வந்தது. ஏதோ பூஞ்சை என்று விளக்குமாற்றால் தேய்த்துத் தள்ளி, பிளீச்சிங் பவுடரும் தூவினேன். இப்போது நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. இந்தத் தடவை ராத்திரி டார்ச்சோடு போய் உட்கார்ந்தேன். வந்தது நம் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே பழுப்பு நிறத் தேரை. தன் உடம்பிலிருந்து கசியும் திரவத்தைப் பின்னங்காலால் மோர் கடைவதுபோலக் கடைந்து கடைந்து நுரையாக்குகிறது, முட்டைகள் அதற்குள். வெளிப்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும், உள்ளே ஈரம் போகாது. மீன் வாய்க்கு எட்டாத உயரம் வேறு. நான்காம் நாள் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்ததை நின்று பார்த்தேன்.

அல்லித் தண்டில் சுற்றிக்கிடந்தது இரண்டாவது. கண்ணாடிக் கயிற்றில் கருகமணி கோத்ததுபோல, இரட்டை இழையாக நீளமாக. அது சொறித் தவளை போட்டது.

மூன்றாவதுதான் வீட்டில் கலவரம் உண்டாக்கியது. கரையோர ஈரமண்ணில் கல்வாழையைக் கிளறும்போது வெள்ளை வெள்ளையாக ஒரு குவியல். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பாம்பு முட்டைடி, மண்ணெண்ணெயை ஊத்து" என்றார். பாம்பு முட்டை நீளவாக்கில், தோல்போல மெத்தென்று இருக்கும். இவை பட்டாணி அளவில் உருண்டை, ஓடு கெட்டி, எண்ணிக்கையும் நூறுக்கு மேல். "இல்லக்கா, நத்தை" என்றேன். வயலில் நத்தை குத்தி நாரை கொத்தித் தின்னுமே, அதே பெரிய நத்தைதான். தண்ணீரில் வாழ்ந்தாலும் முட்டையிடக் கரையேறி வந்துவிடும். குவியலை மண் போட்டு மூடிவிட்டேன்.

உங்கள் குட்டையிலும் இப்படி ஏதாவது கிடந்தால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலா, உள்ளேயா, கரை மண்ணிலா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம், நேற்று கிணற்றடியில் கிடந்த வாளியின் உள்பக்கத்திலும் ஒரு நுரை. வாளியில் நாலு விரல்கடைதான் மழைத்தண்ணீர். குட்டைத் தண்ணீரை மொண்டு கொஞ்சம் சேர்த்து நிழலில் வைத்திருக்கிறேன். துவைப்பதற்கு வேறு வாளி வாங்கியாகிவிட்டது.