ஈரலுக்குள் ஓர் அத்திப்பழம்: இத்தாலியச் சொற்களை நான் படித்த முறை

இத்தாலியின் சியேனா நகரிலுள்ள வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் நடத்தும் சில்ஸ் இத்தாலியத் தேர்வில், பி2 எனப்படும் மேல் இடைநிலையின் ஐந்து பகுதிகள் ஒவ்வொன்றிலும் 20க்கு 11 மதிப்பெண்ணாவது பெற்றாக வேண்டும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் ஈடுகட்ட முடியாது என்பதால், வாசிப்புப் பகுதியில் தடுமாறிய நான் சொற்களைப் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

அதற்குக் காரணமான சொல் 'ஃபேகதோ'. ஈரல் என்ற ஒரே பொருளோடு அதை மனப்பாடம் செய்திருந்தேன். நிலையான வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கிய பெண்ணைப் பற்றிய மாதிரிப் பத்தியில் 'சி வுவோலே ஃபேகதோ' என்று வந்தபோது, அதற்குத் துணிச்சல் வேண்டும் என்ற பொருள் எனக்குப் பிடிபடவில்லை. நாம் அச்சத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். இத்தாலியர் துணிவையே ஈரலில் வைத்திருக்கிறார்கள்.

அன்றிரவே, இத்தாலியத்தின் தாய்மொழியான லத்தீனின் அகராதியைப் பிரித்தேன். செவ்வியல் லத்தீனில் ஈரலுக்குரிய சொல் 'யேகுர்'. ஃபேகதோவுக்கும் அதற்கும் தொடர்பே தெரியவில்லை. அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்து, பன்றி ஆகியவற்றின் ஈரல் ரோமானியரின் விருந்துகளில் உயர்வாக மதிக்கப்பட்டது. கிரேக்கத் தொடர் ஒன்றைப் பின்பற்றி அதை 'யேகுர் ஃபீக்காதும்', அதாவது அத்தி ஊட்டிய ஈரல், என்றார்கள். நாளடைவில் யேகுர் உதிர்ந்துபோக, அடைமொழியாக நின்ற ஃபீக்காதுமே ஈரலைக் குறிக்கலாயிற்று. பிரெஞ்சின் 'ஃபுவா', ஸ்பானியத்தின் 'ஈகதோ', ருமேனியத்தின் 'ஃபிகாத்' எல்லாம் அந்த அத்திப்பழத்தின் வழிவந்தவையே. இதைப் படித்தபின் அச்சொல் எனக்கு மறக்கவே இல்லை.

ஆகவே ஒரு சொல்லை எழுதும்போது அதன் லத்தீன் மூலத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒலிமாற்றம் தானாகவே கண்ணில் படும். ஏரியைக் குறிக்கும் 'லாக்குஸ்' இத்தாலியத்தில் 'லாகோ' ஆனதுபோலவே இங்கும் வல்லொலி மெலிந்திருக்கிறது. ஆனால் 'அமீக்குஸ்' என்பது 'அமீக்கோ' என்றே நிற்பதால், இதை எல்லாச் சொல்லுக்கும் பொருத்திவிடக் கூடாது. பேச்சுத் தேர்வுக்கு அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: லத்தீனில் நடு அசையில் விழுந்த அழுத்தம், இத்தாலிய ஃபேகதோவில் முதலசைக்கு வந்துவிட்டது.

மருத்துவச் செய்திகளில் மட்டும் இச்சொல்லை நம்பிப் பயனில்லை. ஈரல் அழற்சிக்கு இத்தாலியர் சொல்லும் 'எபதீதே', கிரேக்க 'ஹேப்பார்' என்ற வேரிலிருந்து வந்தது. என் குறிப்பேட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.