வேலூர் வெயிலில் வினைல்: ஒருவழியாக மிரர் கப் நின்றது

கத்திரி வெயில் முடிந்துவிட்டது. காரின் இடது பக்க மிரர் கப் மேல், அதாவது கண்ணாடிக்குப் பின்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் மூடி மேல், ஒட்டிய கறுப்பு வினைல் ஷீட் இன்னும் ஓரம் தூக்கவில்லை. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. சத்துவாச்சாரியில் வண்டியைத் தெருவில் நிறுத்துகிற யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், இது சின்ன விஷயம் இல்லை என்பார்கள்.

வண்டி பழைய மாடல் வெள்ளை ஸ்விஃப்ட். திட்டம் எளிது: கூரை, இரண்டு மிரர், பின்கதவுக்கு மேலே இருக்கும் ஸ்பாய்லர், எல்லாம் பளபளக் கறுப்பு. கூரை எப்போதோ முடிந்துவிட்டது. அதில் சொல்ல அதிகம் இல்லை. ஆன்டெனாவைக் கழற்றி, இரண்டு பக்கப் பள்ளத்திலும் இருக்கிற ரப்பர் பட்டையை உருவிவிட்டு, மச்சான் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் ஷீட்டைப் பிடித்து இறக்கினோம். பள்ளத்துக்குள்ளேயே வெட்டி, பட்டையைத் திரும்பச் செருகினால் வெட்டு வெளியே தெரியாது. அவ்வளவு பெரிய கூரை சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு உள்ளங்கையால் மூடிவிடலாம் என்கிற அளவுக்கு இருக்கும் மிரர் கப்தான் உயிரை எடுத்தது.

காரணம் அதன் வளைவு. கூரை ஒரு திசையில் லேசாக வளையும், அவ்வளவுதான். மிரர் கப் மேலிருந்து கீழும் வளையும், பக்கவாட்டிலும் வளையும், மூலையில் இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் திரும்பும். தட்டையான ஷீட்டை அதன்மேல் போட்டால் நடுவில் அழகாகப் படியும். ஓரத்துக்கு வரும்போது மிச்சத் துணி மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும். அந்த மிச்சத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கரைக்க வேண்டும். இழுத்துக் கரைத்தால் அந்த இடம் விறைத்துக்கொண்டு நிற்கும், வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் தூக்கும். இந்த வேலையில் இருக்கிற மொத்தத் தலைவலியும் இதுதான்.

முதலில் ஒட்டியது ஆன்லைனில் வாங்கிய மலிவுச் சரக்கு. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. பெட்டியில் ‘காஸ்ட்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். உள்ளே இருந்தது காலண்டர்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் யாரும் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டீர்கள், ஆனாலும் புலம்பித்தான் ஆக வேண்டும். காலண்டர்டு என்பது உருளைகளுக்கு இடையில் நசுக்கி இழுத்துத் தயாரித்தது. இழுபட்டது அதற்கு ஞாபகம் இருக்கும், சூடு பட்டால் சுருங்கும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றி உலர்த்தியது. மெல்லியது, 50 மைக்ரான் சுமாருக்கு இருக்கும், சுருங்குகிற புத்தி குறைவு. கையில் எடுத்த உடனே தடிமனில் தெரியும். நான் வாங்கியது நடுவில் கல் மாதிரி ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் ஒரு வாரத்துக்குள் வெள்ளைக் கோடு காட்டியது. கறுப்புக்குள்ளிருந்து வண்டியின் வெள்ளை எட்டிப் பார்க்கும் அந்த மெல்லிய கோட்டைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். பணத்தைத் திருப்பித் தர மாட்டோம், வேறு கலர் வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். சரி, போகட்டும்.

நல்ல காஸ்ட் ஷீட் வந்த பிறகும் மிரர் உடனே வழிக்கு வந்துவிடவில்லை. அங்கேதான் வெயில் விஷயம் வருகிறது. யூடியூபில் இதைச் சொல்லித்தருகிறவர்களில் பாதிப் பேர் குளிர் நாட்டுக்காரர்கள். ஒரு கையில் சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைப் பிடித்துக்கொண்டேதான் மறு கையால் ஒட்டுவார்கள். அவர்கள் கராஜில் இருக்கிற குளிருக்கு ஷீட் விறைப்பாக இருக்கும், சூடு காட்டினால்தான் இளகும். நம் ஊரின் பழைய பேச்சே மரமில்லா மலை, தண்ணீரில்லா ஆறு என்பது. சுற்றிலும் மொட்டைப் பாறை, மே மாதத்தில் 40 டிகிரி தாண்டாமல் இருந்தால்தான் செய்தி. இங்கே ஷீட்டுக்கு இளக்கம் தானாகவே இருக்கிறது. அதற்கு மேல் ஹீட் கன்னையும் காட்டினால் இரண்டு கெடுதல். ஒன்று, ஷீட் சவ்வு மிட்டாயாக இழுபட்டு, இழுத்த இடத்தில் பளபளப்பு மங்கும். இரண்டு, பின்பக்கப் பசை. அழுத்தினால் பிடிக்கிற மாதிரிதான் அந்தப் பசையைச் செய்திருக்கிறார்கள், அழுத்தும் வரை தூக்கித் தூக்கி இடம் மாற்றலாம். சூட்டில் அழுத்தாமலேயே பிடித்துக்கொள்ளும். தூக்கினால் பசை பிய்ந்து அம்மைத் தழும்பு மாதிரி நிற்கும்.

காட்பாடியில் ரேடியம் கட்டிங் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஷாம்பூ தண்ணீர் தெளித்து ஒட்டுகிற ஆள். இந்த ஷீட்டின் பின்னால் காற்று போக வரி வரியாக வழி இருக்கும், அதில் தண்ணீர் போனால் பிறகு கொப்புளம் வரும், அதனால் அவர் முறை இதற்கு ஆகாது. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்வி சரியான கேள்வி. “எத்தினி மணிக்குப்பா ஒட்டுற?” பதினோரு மணி என்றேன். “அப்பறம் இன்னா, அது தோசைக்கல்லு. விடியக்காத்தால ஒட்டு” என்றார்.

விடியற்காலை ஐந்தரைக்கு வண்டியின் தகரமும் பிளாஸ்டிக்கும் தொட்டால் சில்லென்று இருக்கும். தெருவில் காற்று இருக்காது, தூசியும் அடங்கியிருக்கும். ஒரே தொல்லை பால்காரர். என்ன ஒட்டுகிறீர்கள், எவ்வளவு ஆகும், என் வண்டிக்கு ஒட்டலாமா என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

இப்போது மிரர் எப்படிப் படிந்தது என்று கொஞ்சம் விவரமாக.

கப்பைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். கண்ணாடியை நெம்பி எடுத்தால் உள்ளே கிளிப்புகள் தெரியும், பொறுமையாக அமுக்கினால் கழன்று வரும். வண்டியிலேயே வைத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, பெயின்ட் மேல் கத்தி வைக்க வேண்டியிருக்கும். கழுவியது கேன் தண்ணீரில். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்த பிறகு உப்புப் பொட்டு நிற்கும், அதன்மேல் ஷீட் படிந்தால் ஒவ்வொரு பொட்டும் மணலாகத் தெரியும். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தேன், குறிப்பாக உள்பக்கமாக மடியும் விளிம்பில். மிரர் கப்பில் மெழுகும் பாலிஷும் போய்ச் சேருகிற இடம் அந்த விளிம்புதான். அங்கே எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தக் கம்பெனி ஷீட்டும் நிற்காது.

துண்டு பெரிதாக இருக்கட்டும். கப்பைவிட நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதல். வீணாகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் பிடித்து இழுக்கக் கை வைக்க இடம் வேண்டும். கப்பை ஒரு டப்பாவின் மேல் குப்புறாமல் நிமிர்த்தி வைத்து, மச்சானை எதிரில் நிற்க வைத்தேன். நாலு கையால் ஷீட்டை விறைப்பாகப் பிடித்து, நடு வயிற்றில் மட்டும் படும்படி இறக்க வேண்டும். இழுவை நாலு பக்கமும் சமமாக இருந்தால் ஒரு சுருக்கமும் இல்லாமல் முக்கால்வாசி கப் தானாகவே மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஸ்க்வீஜியை, அதாவது ஷீட்டைத் தேய்த்துப் படியவைக்கும் பட்டையை, தொடக் கூடாது. கையுறை போட்ட விரலால் நடுவிலிருந்து வெளியே தடவினால் போதும். “போதுமா, விட்டுடவா?” என்று மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தான். விடவே கூடாது. ஒரு கை தளர்ந்தால் எதிர்ப்பக்கம் பசை ஒட்டிக்கொள்ளும்.

மூலைகளில் மடிப்பு வரும், தவிர்க்க முடியாது. வந்ததும் எல்லோர் கையும் தானாக அதை அமுக்கப் போகும். அமுக்கினால் முடிந்தது கதை, அது அங்கேயே கோடாக நின்றுவிடும். அந்த மடிப்பு ஆரம்பிக்கிற இடம் வரை ஷீட்டைத் தூக்கிவிட்டு, லேசாக ஒரு முறை ஹீட் கன் காட்ட வேண்டும். முழு வேலையிலும் ஒட்டும்போது சூடு காட்டுவது இந்த இடத்தில் மட்டுந்தான். காட்டியதும் சுருக்கம் தானாகவே விலகி ஷீட் பழைய தட்டை நிலைக்கு வரும். காஸ்ட் ஷீட்டின் அழகே இதுதான், கண் முன்னே மடிப்பு காணாமல் போகும். சூடு இறங்கும் வரை காத்திருந்து, இந்த முறை மடிப்பு வந்த திசையிலேயே இழுக்காமல் அதற்குக் குறுக்காக அகலப்படுத்தி இழுத்தால் ஒரு மடிப்பு மூன்று சின்ன மடிப்பாகப் பிரியும், மூன்றும் விளிம்புக்கு வெளியே போய்ச் சேரும். விளிம்புக்கு வெளியே என்ன மடிப்பு இருந்தால் யாருக்கு என்ன?

உள்பக்கம் மடிக்க அரை விரல் அளவு விட்டுவிட்டு மீதியை வெட்டினேன். மூலையில் மட்டும் சின்னக் கீறல், விறைப்பு தளர. கத்தி புது அலகாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு முனை உடைத்துப் போடுங்கள், மழுங்கிய அலகு ஷீட்டை வெட்டாது, கிழிக்கும்.

ஹீட் கன்னுக்கு உண்மையான வேலை கடைசியில்தான். இழுபட்ட ஓரங்களையும் மூலைகளையும் 95 முதல் 110 டிகிரி வரை சூடாக்கினால் ஷீட் பழைய ஞாபகத்தை மறந்து புது வடிவத்திலேயே தங்கும். இதை உத்தேசமாகச் செய்யவே கூடாது. நெற்றிச் சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மேல் காட்டாது. எலக்ட்ரிகல் கடையில் மோட்டார் சூடு பார்க்க விற்கும் துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர் வேண்டும். பளபளக் கறுப்பில் அது சில சமயம் குறைத்துக் காட்டுகிறது, அதனால் ஓரத்தில் மாஸ்கிங் டேப் துண்டு ஒன்றை ஒட்டி அதன்மேல் அளந்தேன். ஒவ்வொரு மூலையாக, எண் ஏறும் வரை நின்று, பிறகு துணி சுற்றிய விரலால் ஒரு அமுக்கு. இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலூர் வெயிலே சூடாக்கிக் கொடுத்துவிடும் என்று ஒருவர் எனக்கு வாதாடினார். எவ்வளவு வெயிலிலும் வண்டியின் மேல்பாகம் 95-ஐத் தொடாது. தொடாமல் அறுபது எழுபதில் நின்று ஷீட்டைச் சுருங்கத்தான் தூண்டும். இருக்கிற சூட்டிலேயே மோசமான சூடு அதுதான்.

விளிம்பில் பிடிப்பைக் கூட்டுகிற திரவமான பிரைமர் 94 தடவலாமா என்று யோசித்தேன். தடவினால் நிற்கும். ஆனால் நாளைக்கு உரிக்கும்போது பசை பிளாஸ்டிக்கிலேயே தங்கும். வினைல் ஒட்டுவதே, வேண்டாமென்றால் உரித்துவிடலாம் என்பதற்காகத்தானே. தடவவில்லை.

சரக்கு எங்கே வாங்குவது என்று கேட்பீர்கள். ரோல் அகலம் 152 சென்டிமீட்டர், ஸ்விஃப்ட் மாதிரிச் சின்ன வண்டிக் கூரைக்கு அகலம் போதும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். நமக்கு இரண்டுமே ரயிலில் காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம், காட்பாடி ஜங்ஷன் இருக்கும்வரை கவலை இல்லை. கடையில் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, விரலால் இழுத்துவிட்டு லைட்டரைத் தூரத்தில் காட்டுங்கள். அமைதியாகப் பழைய அளவுக்கு வந்தால் வாங்கலாம், சுருண்டு பொசுங்கினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த கடை. மடித்துத் தந்தால் வாங்காதீர்கள், குழாயில் சுற்றித்தான் தர வேண்டும்.

அதே கடைகளில் ஜன்னலுக்குக் கறுப்பு ஃபிலிமும் எடுத்துக் காட்டுவார்கள். 2012-இல் அதைத் தடுத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து அதில் தலையிடுவதில்லை. முழு வண்டியின் நிறத்தையும் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அந்த அலைச்சலுக்கும் நான் ஆள் இல்லை.

ஸ்பாய்லர் அப்படியே கிடக்கிறது, அதற்குள் மனசு ஹெட்லைட்டுக்குப் போய்விட்டது. இரண்டும் மஞ்சள் பூத்துவிட்டன. பாலிகார்பனேட் மேல் கம்பெனி போட்ட புற ஊதாப் பூச்சு தேய்ந்ததால் வருவது. பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் இரண்டு மாதத்தில் திரும்ப வரும். தண்ணீர் உப்புத்தாள் போட்டுப் படிப்படியாகத் தேய்த்து, மேலே 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்த நிறமில்லாப் பூச்சு, அடிப்பதுதான் சரியான வழி. 2கே கிளியரில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகமூடி போதாது, கேட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்க வேண்டும். ராணிப்பேட்டையில் ஃபேக்டரிகளுக்குப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்து வைத்திருக்கிறேன். வைப்பருக்குக் கீழே வெளுத்துப்போன பிளாஸ்டிக்கும் இருக்கிறது. அதை ஹீட் கன்னால் கறுப்பாக்கும் வித்தையைச் செய்து பார்த்தேன், உடனே புதுசு மாதிரி ஆகிறது, அடுத்த கோடைக்குள் திரும்ப வெளுக்கிறது.

அதெல்லாம் மழைக்குப் பிறகு. வலது மிரருக்குத் துண்டு வெட்டி அலமாரி மேல் சுற்றி வைத்திருக்கிறேன். மச்சான் ஆம்பூரிலிருந்து சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான், விடியற்காலை எழுப்பக் கூடாது என்கிற நிபந்தனையோடு.