தவறான விடையில் தெரிவது

முதலாமாண்டு மாணவர்களுக்கு மின்சுற்று நடத்தும்போது ஹார்வர்டு பேராசிரியர் எரிக் மசூர் தம் மாணவர்களிடம் கேட்ட ஒரு கேள்வியை நானும் தவறாமல் கேட்பேன். 12 வோல்ட் பேட்டரியில் ஒரே மாதிரியான மூன்று பல்புகள் தொடரிணைப்பில் எரிகின்றன. மூன்றாவது பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் மற்ற இரண்டும் என்ன ஆகும்? மின்னோட்டம் சுவிட்ச் வழியாகவே போய்விடுவதால் மூன்றாவது அணைந்துவிடும், தலா 4 வோல்ட் பெற்றுவந்த மற்ற இரண்டும் 6 வோல்ட் பெற்று முன்னைவிடப் பிரகாசமாக எரியும்.

மின்சுற்றில் மின்னோட்டத்தையும் வோல்டேஜையும் கணக்கிட உதவும் கிர்ச்சாஃப் விதிப்படி சமன்பாடுகளை எழுதிப் பிழையில்லாமல் தீர்ப்பவர்களிலேயே பலர் இங்கே தடுமாறுகிறார்கள். "அதே பேட்டரிதானே சார், கரண்ட் எப்படிக் கூடும்?" என்று சென்ற பருவத்தில் ஒரு மாணவர் கேட்டார். இன்டர்னல் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் அவர். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்று அவர் நம்பியிருந்தது, நான் திருத்திய விடைத்தாளில் ஓரிடத்தில்கூடத் தென்படவில்லை.

இத்தகைய நம்பிக்கைகளை வெளிக்கொணரவே கருத்துப் புரிதல் வினாத்தொகுப்புகள் உருவாயின. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டனிஸ் இருவருடன் சேர்ந்து 1992இல் வெளியிட்ட விசை பற்றிய தொகுப்பில் கணக்கே கிடையாது. அதிலுள்ள தவறான விடைகள், நியூட்டன் விதிகளுக்கு மாறாக மாணவர்கள் இயல்பாகக் கொண்டிருக்கும் எண்ணங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஆகவே எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்பதைக் காட்டிலும், எந்தத் தவற்றை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்பதே ஆசிரியருக்கு அதிகம் சொல்கிறது.

பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் அதே தொகுப்பைக் கொடுத்து, முன்னேற இருந்த இடைவெளியில் எவ்வளவு பங்கு கடந்தார்கள் என்று கணக்கிடுவது வழக்கம்; இதுவே ஈட்டம். 40 விழுக்காட்டிலிருந்து 55க்கு வந்த வகுப்பு, மீதமிருந்த 60இல் 15ஐக் கடந்திருப்பதால் அதன் ஈட்டம் 0.25. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் 62 பாடவகுப்புகளின் முடிவுகளைத் தொகுத்தபோது, வெறும் விரிவுரை நடந்தவற்றின் சராசரி ஈட்டம் 0.23, மாணவர்கள் தங்களுக்குள் விவாதித்துக் கற்றவற்றில் 0.48. பின்னர் நிலையியல், சிக்னல்கள், வெப்பப் பரிமாற்றம் போன்ற பொறியியல் பாடங்களுக்கும் இத்தகைய தொகுப்புகள் வந்தன.

இவற்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மதிப்பெண் என்றதும் வினாக்கள் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடும். மனப்பாடம் செய்த விடையிலிருந்து எதையும் அறிய முடியாது. மேலும், ஊகித்துச் சரியாகக் குறித்தவரைப் புரிந்துகொண்டவராக எண்ணிவிடாதிருக்க, விடைக்குக் கீழே இரண்டு வரியில் காரணமும் எழுதச் சொல்கிறேன். கரண்ட் எப்படிக் கூடும் என்று கேட்ட அந்த மாணவர் பருவ முடிவில் எழுதியது: "மின்தடை குறைந்ததால் கரண்ட் ஒன்றரை மடங்கானது, மாறாமல் இருப்பது பேட்டரியின் வோல்டேஜ்தான்."