கிளம்புறதுக்கு முந்தின நாள், விக்லோ

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் வந்து இரண்டு நாளாகியும் சப்பாத்தில் அயர்லாந்தின் விக்லோ மலைச் சேறு போகவில்லை. ஊர் திரும்ப ஒரே நாள் இருக்கும்போது, டப்ளினில் படிக்கும் தங்கச்சி எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு சாலி கேப் என்ற மலைக் கணவாய்ப் பக்கம் போனாள், மரமே இல்லாத கரிய சதுப்பு நிலம், காற்று வேறு ஆளைத் தள்ளுகிறது, அப்பாவோ "இவ்வளவு நிலம் சும்மா கிடக்குதே, செம்பனை நட்டா என்ன?" என்கிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனை, இந்தக் குளிரிலா! கிளெண்டலாக் என்ற பழைய மடத்தில் சுமார் 30 மீட்டர் வட்டக் கோபுரம், வாசல் மட்டும் தரைக்கு 3 மீட்டருக்கு மேலே. சரி, அதைவிட அப்பாவுக்குப் பிடித்தது ஆடுகள்தான். யாருடையது என்று தெரிய முதுகில் நீலச் சாயம் பூசியிருந்தார்கள். "நாம செம்பனைக் குலைக் காம்புல நம்பர் எழுதுற மாதிரி," என்று ஒன்றின் பின்னாலேயே நடந்தார்.