மன்னாருக்குச் சேவைப் பயணம்: கூப்பிடு தூரத்து வெளிநாடு

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் செல்போன் தானாகவே இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 புயலுக்கு முன்னால் கப்பலேறிப் போய் வந்த கதை இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. அதனாலேயே இலங்கையின் மன்னாருக்குச் சேவைப் பயணம், பெரும்பாலும் அலையாத்தி மரம் நட, என்றதும் நம் கடற்கரைப் பிள்ளைகள் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவுக்குப் போகிறவன் காட்டும் கவனத்தில் பாதிகூட இல்லை.

இன்றைக்குப் போகும் வழி வேறு. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கி.மீ., அங்கிருந்து கொழும்புக்கு விமானம், பிறகு தலைமன்னார் ரயிலிலோ பஸ்ஸிலோ இன்னொரு 300 கி.மீ. 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஆசை காட்டும். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நின்றுவிடும். அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் பெரும்பாலோர் மாட்டுவது இனிஷியலில். அங்கே ஒற்றை எழுத்து செல்லாது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொன்று என்றால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு ரூ.1,500, 18 வயதுக்குக் கீழ் ரூ.1,000, தட்கல் என்றால் கூடுதலாக ரூ.2,000. கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு வீட்டு முகவரி கொடுத்தவர், போலீஸ் விசாரணைக்கு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பு அங்கேயே தூங்கும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இலங்கைக்கான இணைய அனுமதியை விண்ணப்பிக்கும்போது 'சுற்றிப் பார்க்க' என்று பொத்தாம்பொதுவாகப் போடாதீர்கள். செய்யப்போகும் வேலைக்கு எந்த வகை அனுமதி வேண்டும் என்று அழைக்கிற அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விடுமுறை மே மாதம் என்பதால் பயணமும் அப்போதுதான் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் கையில் காசு இருக்காது. பிள்ளைகளின் பங்குத் தொகையை மார்ச்சிலேயே வசூலித்துவிடுவது நல்லது. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் யுபிஐ இருக்கிறது என்றாலும் சின்னக் கடைகளுக்கு ரொக்கம்தான்.

கிளம்பும் வாரத்தில் பொட்டலங்கள் வரும். "அங்க நம்ம சொந்தக்காரங்க இருக்காங்க தம்பி, இதை மட்டும் குடுத்துரு." பீடி இலையும் மஞ்சளும் கடல் அட்டையும் இந்தக் கடலில் எப்படிக் கள்ளத்தனமாகப் போய் வருகின்றன என்பது ஊருக்கே தெரியும். கடல் அட்டை 2001 முதல் இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பையில் இருந்தாலே வழக்கு. யார் கொடுத்தாலும், பிரித்துப் பார்க்காத எதுவும் பைக்குள் போகக்கூடாது.

இறங்கிய முதல் நாள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: "நம்ம மண்டபம் ஊர் மாதிரியே இருக்கு." பனை, உடைமரம், வெள்ளை மணல், உப்புக் காற்று. தெருவில் திரியும் கழுதைகளும் பள்ளிமுனையின் பெருக்க மரமும் (பாவோபாப்)தான் கண்ணுக்குப் புதிது. காதுக்குப் புதிது இன்னும் அதிகம். 'ஆமாம்' இல்லை, 'ஓம்'. பேசுவதில்லை, கதைப்பார்கள். ரொட்டிக்குப் 'பாண்'. 'பெட்டை' என்றால் சும்மா பெண்பிள்ளை. நம் பிள்ளைகள் அதைக் கேட்டு முகம் சுளித்தால் அவர்களுக்குக் காரணம் புரியாது. அதேபோல நாம் பாசமாகச் சொல்லும் 'வாடா' அங்கே முதல் நாளே உறுத்தும். சிறுவர்களிடமும் 'நீங்கள்' போட்டுப் பேசினால் வம்பில்லை.

எங்கள் கணிப்பில் உண்மையான சோதனை இரண்டாம் நாள் கடற்கரையில்தான். "எந்த ஊர்?" "பாம்பன்." "ஓ, றோலர்காரரோ?" நாம் விசைப்படகு என்பதை அவர்கள் றோலர் என்கிறார்கள். போர்க்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கிடந்தவர்கள், மீண்டும் வலை போட்டபோது இழுவை மடி (விசைப்படகு கடலடியில் இழுத்துப் போகும் வலை) அதை அறுத்துக்கொண்டு போனதைச் சொல்வார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளை தலையாட்டும். விசைப்படகு வீட்டுப் பிள்ளைக்கு முகம் சிவக்கும், அவன் சித்தப்பா அங்கே சிறையில் இருந்து வந்தவராகக்கூட இருக்கலாம். வாதாடாமல் கேட்கச் சொல்லுங்கள். பிடித்து வைத்த படகுகளைப் படம் எடுக்க வேண்டாம். உறவினர் யாராவது காவலில் இருந்தால் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தைக் கேளுங்கள்.

காய்ச்சல் வந்தால் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. இப்போது அவர்கள் பயப்படுவது வெளியிலிருந்து வரும் மலேரியாவுக்கு. ரத்தப் பரிசோதனைக்கு முரண்டு பிடிக்காதீர்கள். இலவச ஆம்புலன்ஸுக்கு எண் 1990.

வேலை பெரும்பாலும் கண்டல், அதாவது அலையாத்தி, நடுவது. காரங்காட்டு அலையாத்தியைப் பார்த்தவர்களுக்கு மரம் தெரியும், நடுவது தெரியாது. முருங்கைக்காய்போல் நீண்ட காயைத் தலைகீழாகச் செருகுவது முதல் தவறு. சரியான முறை: கூர்முனை சேற்றில், காம்பு இருந்த முனை மேலே. மூன்றில் ஒரு பங்கு புதைந்தால் போதும். இரண்டாம் தவறு பெரியது. அந்தப் பக்கம் ஓதத்தின் (கடல்மட்டத்தின்) ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, அதனால் கன்று பிழைக்கும் கரைப்பட்டையும் குறுகல். அதைத் தாண்டி எப்போதும் தண்ணீர் நிற்கும் இடத்தில், கடல்புல்லின் மேல் வரிசையாக நட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் சில மாதத்தில் ஒன்றும் இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்டவற்றில் ஏராளம் இப்படித்தான் போயின. நடுவதற்கு முன் ஏற்றத்தில் ஒருமுறை, வற்றத்தில் ஒருமுறை இடத்தைப் பாருங்கள். வரிசையின் இரு முனையிலும் கம்பு ஊன்றி, எண்ணிக்கையை எழுதி உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து வாருங்கள். ஆறு மாதம் கழித்து அவரிடம் எத்தனை நிற்கிறது என்று கேட்க வேண்டும்.