3215031751: நான்கு சோதனையிலும் தேறிவிட்ட பகு எண்

மூன்று நாளாகத் தூங்கவிடாத கணக்கு நேற்று இரவு பிடிபட்டது.

எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதன் ஜாதகத்தைக் கணித்துத் தரும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். பகா எண்ணா என்று பார்க்க மில்லர்-ராபின் சோதனை: சில சிறிய எண்களை (அடிமானங்கள்) பெரிய அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைப் பார்ப்பது. நான் எடுத்த அடிமானங்கள் 2, 3, 5, 7. 320 கோடியிலிருந்து ஒற்றைப்படை எண்களை ஓடவிட்டு, தேறியவற்றை மட்டும் வகுத்தும் பார்க்கச் சொல்லியிருந்தேன். காலையில் ஒரே ஒரு எண் முரண்பட்டு நின்றது. 3215031751 பகா எண் என்கிறது சோதனை. 151 × 751 × 28351 என்கிறது வகுத்தல்.

நிரலில்தான் பிழை என்று நினைத்து வரி வரியாகத் தேடியதில் இரண்டு நாள் போனது. நிரல் சரியாகத்தான் இருந்தது. அப்புறம் தாளை எடுத்தேன்.

ஒன்றைக் கழித்தால் 3215031750. வெவ்வேறான மூன்று பகாக் காரணிகளிலும் ஒன்றைக் கழித்தால் 150, 750, 28350. இவை மூன்றாலும் 3215031750 மீதியின்றி வகுபடுகிறது. கணிதர் கோர்செல்ட் 1899-ல் சொன்ன நிபந்தனை இதுதான், ஆகவே 3215031751 ஒரு கார்மைக்கேல் எண், அதாவது ஃபெர்மா சோதனையில் பகா எண் போலவே நடிக்கும் பகு எண். அடிமானத்தை, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று மட்டும் பார்க்கும் ஃபெர்மா சோதனை ஏமாறுவதில் வியப்பில்லை. அதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் ஏன் ஏமாற வேண்டும்?

3215031750-ஐ 2-ஆல் ஒரே ஒரு முறைதான் வகுக்க முடியும். கிடைக்கும் 1607515875 ஒற்றைப்படை. அடிமானத்தை அந்த அடுக்குக்கு உயர்த்தி 3215031751-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது −1 (வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு) வர வேண்டும், சோதனை அவ்வளவுதான். மூன்று காரணிகளையும் 4-ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் அந்த அடுக்கு, ஒவ்வொரு காரணிக்கும் அடிமானம் வர்க்க எச்சமா (ஏதோ ஒரு வர்க்கத்தை அந்தக் காரணியால் வகுத்தால் வரும் மீதியா) என்பதை மட்டுமே சொல்கிறது: ஆம் என்றால் 1, இல்லை என்றால் −1. போட்டுப் பார்த்தேன். 2-க்கு மூன்றிலும் 1. 3-க்கு மூன்றிலும் −1. 5-க்கு மறுபடி 1, 7-க்கு மறுபடி −1. மூன்றும் ஒரே குரலில் பேசினால், காரணிகளுக்கான மீதிகளைச் சேர்த்து முழு எண்ணின் மீதியைத் தரும் சீன மீதித் தேற்றப்படி முழு எண்ணுக்கும் அதே விடை. 11-க்கு வரும்போதுதான் 151 தருவது 1, 751 தருவது −1. அங்கே குட்டு உடைகிறது. என்ன அழகான அமைப்பு!

2500 கோடிக்குள் இந்த நான்கு அடிமானங்களையும் ஏமாற்றும் எண் இது ஒன்றுதான். பொமரன்ஸ், செல்ஃப்ரிட்ஜ், வாக்ஸ்டாஃப் என்ற கணிதர்கள் மூவரும் 1980-லேயே காட்டிவிட்டார்கள்.

சரி, 11-ஐச் சேர்த்துவிட்டேன். 2152302898747-க்குக் கீழே இனி தவறு வராது. 4759123141-க்குக் கீழே என்றால் 2, 7, 61 மூன்றே போதும், வேகமும் கூடும். அடுத்து 3825123056546413051-ஐயும் இதே போல அலசிப் பார்க்கப் போகிறேன். 23 வரையிலான ஒன்பது பகா எண்களையும் ஏமாற்றுவது அது. அதன் காரணிகள் 149491, 747451, 34233211. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்தால் விகிதம் 1 : 5 : 229. நம்முடைய எண்ணில் 1 : 5 : 189!

நிரலில் வகுத்திகளைக் கூட்டும் பகுதி இன்னும் பாதியில் நிற்கிறது. இந்த எண்ணுக்கு மட்டும் ஓட்டினேன்: தன்னை விட்டு மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை 25715257. எண்ணைவிடக் குறைவு, அதனால் இது குறைவெண். காரணிகள் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை வரும்; 152 × 752 × 28352 என்று கையால் பெருக்கி, எண்ணைக் கழித்துப் பார்த்தேன். அதே விடை.