நெஞ்சில் பாரம் என்றால் உடனே வாய்வு என்று சொல்லாதீர்கள்

எங்கள் கிழக்கிலங்கைப் பக்கத்தில் ஒரு ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உடனே ஓட்டோவுக்கு ஆள் ஓடும். அதே நோவு வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் ஓமத்தண்ணி அவிப்பார்கள், முதுகைத் தடவி விடுவார்கள், "கொஞ்சம் படுங்க, சரியாயிரும்" என்பார்கள். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று, எங்கே போனாலும் இதுதான். பெண்களுக்கு ஹார்ட் அட்டாக் வருவது குறைவு என்று நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். எனக்கு இது பெரிய கவலை. உலகத்தில் இறக்கும் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கொண்டுபோவது இதய, இரத்தக்குழாய் நோய்கள்தான். மார்பகப் புற்றுநோய்க்குப் பயப்படுகிறோம், பயப்படத்தான் வேண்டும், ஆனால் அதைவிடப் பல மடங்கு பெண்கள் இதில் போகிறார்கள்.

இந்த நினைப்புக்கு ஒரு காரணம் உண்டு. மாதவிடாய் நிற்கும் வரைக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓரளவு காப்பாற்றுவதால் பெண்களுக்கு மாரடைப்பு ஆண்களைவிடச் சில வருடங்கள் பிந்தித்தான் வருகிறது. பிந்தி வருவதைத்தான் வராது என்று ஆக்கிவிட்டோம். சீனி வருத்தம் இருந்தால் அந்தக் காப்பும் பெரும்பாலும் போய்விடும், எங்கள் ஊரில் சீனி இல்லாத வீடு எங்கே இருக்கிறது?

என் பெரியம்மாவைச் சொல்கிறேன். கோயில் குளிர்த்திக்கு இரவிரவாகப் பொங்கல் வேலை செய்தவர், விடியப்புறம் சத்தி, தோள்பட்டை நடுவில் நோவு, தாடை இழுக்கிறது, சேலை நனைய வேர்வை. "ஒண்டுமில்லகா, வாய்வு புடிச்சிருக்கு" என்று அவரே சொன்னார். பக்கத்து டிஸ்பென்சரியிலும் போய் "கெஸ்ட்ரைட்டிஸ் கூடிட்டு" என்றுதான் சொல்லியிருக்கிறார், அதற்கே குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் மூச்சு முட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் மாரடைப்பு வந்தது தெரிந்தது. உயிர் தப்பியது, ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போய்விட்டது, இப்போது கிணற்றடிக்குப் போய் வந்தாலே இளைக்கிறது. இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும், ஒரு நாள் கழித்துப் போனால் அதற்கான நேரம் கடந்துவிடும்.

அதனால் டொக்டரிடம் போனால் வருத்தத்தின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள். எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா, வேர்த்ததா, சீனி பிரஷர் இருக்கிறதா, இவ்வளவும்.

இப்போது வட்ஸ்அப்பில் இன்னொன்று சுற்றுகிறது, பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு நோவே வராதாம். அதுவும் பிழை. பெண்களுக்கும் நெஞ்சு நோவோ, இறுக்கமோ, பாரமோதான் அதிகம் வருகிறது. அதோடு சத்தி, மூச்சு வாங்குதல், முதுகு, கழுத்து, தாடை நோவு, காரணமில்லாத கடும் களைப்பு எல்லாம் ஆண்களைவிடக் கூடுதலாகச் சேர்ந்து வருவதால் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. நெஞ்சு நோவே இல்லாமல் வருவதும் உண்டு, முக்கியமாகச் சீனி உள்ளவர்களுக்கு. ஒரு ஈசீஜீ சரியாக இருந்ததென்று வீட்டுக்கு வந்துவிடவும் கூடாது, தேவைப்பட்டால் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் ட்ரொபொனின் இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதயத்தின் பெரிய இரத்தக்குழாய்களில் அடைப்பே இல்லாமல் சிறு குழாய்களில் கோளாறு இருப்பதும் பெண்களில் அதிகம்.

மெல்லிசான ஆட்களுக்கு வராது என்பதையும் விட்டுவிடுங்கள். 52 நாடுகளில் செய்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு மாரடைப்பு ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஒன்பது விடயங்களைப் பார்த்தது, பெண்களின் முதல் மாரடைப்பு ஆபத்தில் 94 சதவீதம் அவற்றோடு தொடர்புபட்டது. அதில் வயிற்றுக் கொழுப்பு ஒன்று மட்டும்தான், மன அழுத்தமும் ஒன்று. போரையும் சுனாமியையும் கண்ட எங்கள் அம்மாமாருக்கு அந்த இரண்டாவதை யார் கேட்டார்கள்? வெற்றிலையோடு புகையிலை போடுவதும் இதயத்துக்குக் கூடாது, வாய்க்கு மட்டும்தான் கேடு என்றில்லை.

அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசில்லை. மகன் வேலையால் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 35 வயது தாண்டியவர்களுக்கு சுகவனிதையர் கிளினிக்கில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள், மிட்வைஃபிடம் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார். அங்கே போகும்போது உங்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்தைப் பற்றியும் சொல்லுங்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோது பிரஷர் ஏறியதோ சீனி வந்ததோ பிள்ளை பிறந்ததும் முடிந்த கதை இல்லை, இருபது வருடம் கழித்தும் இதய நோய்க்கான ஆபத்தைக் கூட்டுகிற விடயம் அது, நீங்களாகச் சொல்லாவிட்டால் பல டொக்டர்மார் கேட்பதில்லை.